அழைத்து வருவதும் அருகில் அமர வைப்பதும்: பண்பாட்டு நிறுவனங்கள் உரையாடலை எப்படி வளர்க்கின்றன?

மாவட்டத் தலைநகர் ஒன்றில் புதிதாகத் தொடங்கவிருக்கும் பண்பாட்டு மையத்தின் நிகழ்ச்சிப் பொறுப்பை ஏற்றிருக்கும் நண்பர் கேட்டது இது: வெளிநாட்டுக் கலைக்குழுக்களை வரவழைத்து விழா எடுப்பதுதான் பண்பாட்டு உரையாடலா? அதற்கு மேல் ஒரு நிறுவனத்தால் தன் நிகழ்ச்சிகளின் வழியாக எதையேனும் சாதிக்க முடியுமா? அல்லது இத்தகைய நிறுவனங்கள் எல்லாமே அவரவர் நாட்டுக்கான நாகரிகமான விளம்பரம்தானா?

மூன்று கேள்விகளுக்கும் பொதுவாகப் பதில் சொன்னால் நல்லெண்ண வாசகங்களில்தான் போய் முடியும். ஆகவே ஒரே ஒரு நிறுவனத்தை எடுத்துக்கொள்கிறேன். ஜெர்மனியின் கோத்தே நிறுவனம், அதாவது இந்தியாவில் மாக்ஸ் முல்லர் பவன் என்று நாம் அறிந்திருப்பது. அதன் வெற்றிகளும் தடுமாற்றங்களும் எழுபது ஆண்டுகளுக்கு மேலாகப் பொதுவெளியில் கிடக்கின்றன என்பதும், அவற்றுள் சில நம் சென்னை வரை நீள்கின்றன என்பதும் இந்தத் தேர்வுக்குக் காரணம்.

விளம்பரமா என்ற கேள்வியிலிருந்தே தொடங்கலாம். ஏனெனில் அந்த நிறுவனமும் அந்தக் கேள்வியோடுதான் பிறந்தது. 1925இல் மியூனிக் நகரில் தொடங்கப்பட்ட ஜெர்மன் அகாடமி, ஜெர்மன் மொழியையும் பண்பாட்டையும் அயல்நாடுகளில் பரப்புவதற்கென ஏற்பட்டது. நாஜி ஆட்சியில் அது பரப்புரைக் கருவியாயிற்று. 1945இல் அமெரிக்கப் படையினர் அதைக் கலைத்தனர். அதன் இடத்தில்தான் 1951இல் கோத்தே நிறுவனம் எழுந்தது. அயல்நாட்டு ஜெர்மன் ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளிப்பதே அதன் முதல் வேலை. 1952இல் ஏதென்ஸில் முதல் வெளிநாட்டுக் கிளை, 1957இல் கல்கத்தாவில் இந்தியாவின் முதல் கிளை என்று அது விரிந்தது. 1883இல் தோன்றிய பிரான்சின் அலியான்ஸ் பிரான்சேஸுக்கோ 1934இல் தோன்றிய பிரிட்டனின் பிரிட்டிஷ் கவுன்சிலுக்கோ இல்லாத ஒரு கூச்சம் அதற்கு இருந்தது. போரில் தோற்ற நாட்டின், உலகம் வெறுத்த நாட்டின் மொழியைக் கற்றுக்கொடுக்க வந்த நிறுவனம் உரத்த குரலில் பேச முடியாது. இந்தியாவில் மட்டும் கவிஞர் கோத்தேயின் பெயரை விட்டுவிட்டு ரிக் வேதத்தைப் பதிப்பித்த மாக்ஸ் முல்லரின் பெயரைச் சூட்டிக்கொண்டதிலும் அந்தக் கூச்சம் கலந்திருக்கிறது என்றே நான் நினைக்கிறேன். 1823இல் டெஸாவில் பிறந்து 1900இல் ஆக்ஸ்ஃபோர்டில் மறைந்த அந்த அறிஞர் இந்தியாவில் ஒரு நாள்கூடக் காலடி வைத்ததில்லை. இரு நாட்டு உரையாடலுக்கு அடையாளமாக நிற்பவர் ஒரு கரையை ஏடுகளில் மட்டுமே கண்டவர் என்பது, இத்துறையில் இருப்போர் அவ்வப்போது நினைத்துப் பார்க்க வேண்டிய செய்தி.

திருப்பம் 1970இல் வந்தது. மேற்கு ஜெர்மனியில் வில்லி பிராண்ட் தலைமையிலான அரசில், வெளியுறவு அமைச்சகத்தில் ரால்ஃப் டாரெண்டார்ஃப் தொடங்கிவைத்த பணியின் வழியாக அயலகப் பண்பாட்டுக் கொள்கைக்குப் புதிய நெறிகள் வகுக்கப்பட்டன. பண்பாடு என்பது இசை அரங்கையும் ஓவியக் கூடத்தையும் தாண்டிச் சமூகத்தின் அன்றாடச் சிக்கல்களையும் உள்ளடக்கியது. கொடுப்பது மட்டும் போதாது, பெறவும் வேண்டும் என்பவை அவற்றின் சாரம். 1976இல் வெளியுறவு அமைச்சகத்துக்கும் நிறுவனத்துக்கும் இடையே ஓர் ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. பெரும்பகுதிப் பணம் அரசுடையது. நிறுவனமோ பதிவுபெற்ற ஒரு சங்கம். எந்த நிகழ்ச்சியை எப்படி நடத்துவது என்பதை அன்றாடம் தீர்மானிப்பவர்கள் அதன் ஆட்கள். பணம் தருபவர் மேடையில் என்ன நடக்க வேண்டும் என்று சொல்வதில்லை என்னும் இந்த ஏற்பாடு எப்போதும் உரசலின்றி இயங்கியது என்று சொல்ல மாட்டேன். ஆனால் விளம்பரத்தையும் உரையாடலையும் பிரிக்கும் கோடு பெரும்பாலும் இத்தகைய அலுவல் ஏற்பாடுகளில்தான் இருக்கிறது. நோக்க அறிக்கையின் அழகான சொற்களில் அது இருப்பதில்லை.

அந்தக் கோட்டுக்கு அப்பால் ஒரு நிறுவனம் போக முடியாத இடமும் உண்டு. 2004இல் வடகொரியாவின் பியோங்யாங்கில் கோத்தே நிறுவனம் ஒரு வாசிப்பகம் திறந்தது. யார் வேண்டுமானாலும் தடையின்றி வந்து படிக்கலாம், நூல்களைத் தணிக்கை செய்யக் கூடாது என்பதே உடன்பாடு. அது காப்பாற்றப்படவில்லை என்று கண்டு, 2009இல் நிறுவனமே அதை மூடிவிட்டது. அலமாரியில் நூல்கள் இருந்தன, கதவில் பெயர்ப்பலகை இருந்தது, ஆண்டறிக்கையில் ஒரு வரி எழுதிக்கொள்ளலாம். ஆனால் அச்சமின்றி உள்ளே வர வாசகனுக்கு வழியில்லை. மூடியது சரியான முடிவு என்பது என் கருத்து.

இனி நிகழ்ச்சிகளுக்கு வருகிறேன். நான் அறிந்தவற்றுள் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க வேண்டும் என்றால் 1984இல் பம்பாயின் தேசிய நிகழ்கலை மையத்தில் நடந்த கிழக்கு-மேற்கு நடனச் சந்திப்பைச் சொல்வேன். அப்போது அங்கே மாக்ஸ் முல்லர் பவன் இயக்குநராக இருந்த கியோர்க் லெக்னர் அதன் பின்னணியில் இருந்தார். சூசன்ன லிங்கே போன்ற ஜெர்மன் நடனக் கலைஞர்களும், குமுதினி லாகியா, சந்திரலேகா போன்ற இந்தியக் கலைஞர்களும் ஒரே இடத்தில் கூடினர். மாலையில் ஆடிவிட்டு மறுநாள் ஊர் திரும்பும் விழாவாக அது அமைக்கப்படவில்லை. ஒருவர் செய்து காட்டுவதை மற்றவர் பார்த்து, ஏன் இப்படி என்று கேட்டு, விவாதித்து, சிலவேளை கடுமையாக முரண்பட்டுச் சேர்ந்திருக்கும் நாட்களாக அது அமைந்தது.

சந்திரலேகாவின் கதை இங்கே சற்று விரிவாகச் சொல்லத் தக்கது. காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்று, இளம் வயதிலேயே பெயர் பெற்று, பிறகு மேடையைவிட்டு விலகி, நீண்ட காலம் எழுத்திலும் சுவரொட்டி வடிவமைப்பிலும் பெண்கள் இயக்கத்திலும் ஈடுபட்டிருந்தவர் அவர். பரதம் தன் உடலாற்றலை இழந்து அலங்காரமாகச் சுருங்கிவிட்டது என்ற கருத்து அவருக்கு நெடுநாளாக இருந்தது. அதை எடுத்துவைக்கச் சென்னை சபாக்களின் கச்சேரி அட்டவணையில் இடம் ஏது? பம்பாய்ச் சந்திப்பு அந்த இடத்தைக் கொடுத்தது. அடுத்த ஆண்டே, பரதத்தின் அடிப்படை அசைவுகளான அடவுகளையும் கேரளப் போர்க்கலையான களரியின் அசைவுகளையும் சேர்த்து, தெய்வக் கதைகளை விலக்கிவிட்டு, ‘அங்கிகா’ என்ற படைப்பை அவர் கொண்டுவந்தார். 2006 இறுதியில் மறையும் வரை பெசன்ட் நகர் எலியட்ஸ் கடற்கரையை ஒட்டிய தன் வீட்டிலிருந்து அவர் தொடர்ந்து இயங்கினார். இந்திய நடனத்தின் அண்மைக்கால வரலாற்றை அவரை விட்டுவிட்டு எழுத முடியாது.

இதைப் பார்த்து, ஜெர்மன் நடனம் நம் நடனத்தை மாற்றிவிட்டது என்று சொல்பவர்கள் உண்டு. நான் அப்படிப் பார்க்கவில்லை. ‘அங்கிகா’வில் ஜெர்மனியிலிருந்து எடுத்துவந்த அசைவு என்று எதுவும் இல்லை, எல்லாம் இம்மண்ணின் உடற்பயிற்சிகளும் அடவுகளும்தாம். அந்தச் சந்திப்பு கொடுத்தது வேறு ஒன்று. அகமதாபாத்தில் வட இந்திய நடனமான கதக்கின் வடிவத்தை மாற்றிக்கொண்டிருந்த குமுதினி லாகியாவும் சென்னையில் தனித்து நின்ற சந்திரலேகாவும் ஒரே கூரையின் கீழ், யாருடைய பாணி தூய்மையானது என்ற உள்ளூர்ப் பஞ்சாயத்து இல்லாமல், தங்கள் கலையைப் பற்றிப் பேச முடிந்தது. வெளிநாட்டு நிறுவனம் சில நேரங்களில் செய்யும் மிகப் பெரிய உதவி, உள்ளூர்க்காரர்கள் ஒருவரையொருவர் சந்திக்கப் பொதுவான ஒரு திண்ணையைக் கொடுப்பதுதான். அதன் கணக்குப் புத்தகத்தில் இதற்கென்று ஒரு தலைப்பு இருக்காது. ஆயினும் நம்மூரில் நிகழ்ச்சி அமைப்பவர்கள் இதை முதலில் குறித்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

பீனா பௌஷின் அனுபவம் காலத்தைப் பற்றியது. வுப்பர்டால் நடன அரங்கின் தலைவியான அவர் தன் குழுவோடு முதன்முறை இந்தியா வந்தது 1979இல். மீண்டும் வந்தது 1994இல். இந்தியாவைக் கருவாகக் கொண்ட ‘பாம்பூ புளூஸ்’ என்ற படைப்பு, கோத்தே நிறுவனத்தின் இந்தியக் கிளைகளோடு இணைந்த கூட்டுத் தயாரிப்பாக, 2007இல் அரங்கேறியது. முதல் வருகைக்கும் படைப்புக்கும் இடையே 28 ஆண்டுகள். இடையில் சந்திரலேகாவுடன் ஏற்பட்ட நட்பு, திரும்பத் திரும்ப வந்த பயணங்கள், நடனக் கலைஞர்கள் கேரளத்திலும் கொல்கத்தாவிலும் தங்கிக் கண்டவை எல்லாம் அதற்குள் சென்றன. மூன்றாண்டுத் திட்டம், ஐந்தாண்டுத் திட்டம் என்று ஒதுக்கீடு கேட்கும் எந்தப் படிவத்திலும் இது அடங்காது. அதே வேளையில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். சென்னையில் பிறந்து பாரிஸில் வளர்ந்த குச்சிப்புடிக் கலைஞர் சாந்தலா சிவலிங்கப்பா அதில் ஆடினார் என்றாலும், அந்தப் படைப்பில் பார்ப்பவர் வுப்பர்டால், பார்க்கப்படுவது இந்தியா. அழகான படைப்பு என்பதில் ஐயமில்லை. உரையாடல் என்ற சொல்லுக்கு அது முழுவதும் பொருந்துமா என்பதில்தான் எனக்கு ஐயம்.

இதற்கு நேரெதிரான ஓர் எடுத்துக்காட்டு, வியப்பாக, பரப்புரையே நோக்கமாக இருந்த இடத்திலிருந்து கிடைக்கிறது. இரண்டு ஜெர்மனிகளும் இந்தியாவின் நட்புக்குப் போட்டியிட்ட காலத்தில், கிழக்கு ஜெர்மனி தன் பண்பாட்டுத் தூதர்களாக அனுப்பியவர்களுள் வைமார் நகரத்து நாடக இயக்குநர் ஃபிரிட்ஸ் பென்னெவிட்ஸ் ஒருவர். 1970 முதல் கால் நூற்றாண்டுக்கு நெருக்கமாக அவர் மீண்டும் மீண்டும் இந்தியா வந்து, தனக்குத் தெரியாத இந்திய மொழிகளில், உள்ளூர் நடிகர்களோடும் இயக்குநர்களோடும் சேர்ந்து ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்டின் நாடகங்களை மேடையேற்றினார். மராத்தி நாடக உலகின் விஜயா மேத்தா அவரோடு பணியாற்றினார்; பிறகு அதே விஜயா மேத்தா ஜெர்மனி சென்று ஜெர்மன் நடிகர்களைக் கொண்டு காளிதாசனின் சாகுந்தலத்தை இயக்கினார். அனுப்பிய அரசின் கணக்கு எதுவாகவும் இருக்கட்டும். இங்கிருந்து ஒருவர் அங்கே போய், அவர்களுடைய நடிகர்களுக்கு எப்படி நிற்பது, எப்படிப் பேசுவது என்று சொல்லும் நிலை வந்ததே, அதைத்தான் நான் பரிமாற்றம் என்பேன். விளம்பர நோக்கமும் நேர்மையான பணியும் ஒரே நிகழ்ச்சியில் கூடியிருக்க முடியும். எந்தப் பக்கம் தராசு சாய்கிறது என்பதை அறிய, மறுதிசைப் பயணம் நடந்ததா, அப்படிப் போனவர் அங்கே விருந்தினராக உட்கார்ந்தாரா, வேலையை நடத்தினாரா என்று பார்த்தால் போதும்.

இலக்கியத்தில் இதே கொள்கையை ஒரு பட்டறை வடிவமாகவே செய்துவிட்டார்கள். பெர்லினில் உள்ள கவிதை இல்லம் நெடுங்காலமாக நடத்திவரும் ‘கவிதைக் கடத்தல்’ என்னும் முறையைக் கோத்தே நிறுவனம் 2015, 2016ஆம் ஆண்டுகளில் தெற்காசியாவுக்குக் கொண்டுவந்தது. சுமார் 20 மொழிகள் அதில் பங்கேற்றன. தமிழும் அவற்றுள் ஒன்று. முறை எளியது. ஒருவர் மொழி மற்றவருக்குத் தெரியாத இரண்டு கவிஞர்கள் சில நாட்கள் எதிரெதிரே உட்காருகிறார்கள். ஒவ்வொருவர் கவிதைக்கும் சொல்லுக்குச் சொல் பெயர்த்த ஒரு கரட்டு வடிவம் கையில் இருக்கும். நடுவே இரு மொழியும் அறிந்த ஒருவர். கரட்டு வடிவத்தை வைத்துக்கொண்டு ஒருவரையொருவர் கேள்வி கேட்டே, ஒவ்வொருவரும் மற்றவரின் கவிதையைத் தன் மொழியில் எழுத வேண்டும்.

இதில் என்ன நடக்கும் என்பதை இரண்டு மொழிகளையும் அருகருகே வைத்தாலே ஊகிக்கலாம். நம் பாட்டுகள் பலவற்றில் நிலவு பெண். ஜெர்மன் இலக்கணத்தில் நிலவு ஆண்பால், ஞாயிறு பெண்பால். நிலவைத் தோழியாக விளிக்கும் தமிழ்க் கவிதை அங்கே போனால் பாலே மாறிவிடும். அதைச் சரிக்கட்ட ஜெர்மன் கவிஞர் வேறொரு வழி தேட வேண்டும். அதைவிட நுட்பமானது ‘நாம்’, ‘நாங்கள்’ என்ற வேறுபாடு. ஜெர்மனில் இரண்டுக்கும் ஒரே சொல்தான். ஜெர்மன் கவிதையில் அந்தச் சொல் வரும்போது தமிழ்க் கவிஞர், “இதில் நானும் சேர்த்தியா, இல்லையா?” என்று கேட்டாக வேண்டும், எழுதியவரோ அந்தக் கேள்வியை அதுவரை தன்னிடமே கேட்டிருக்க மாட்டார். ஆயிரம் பேர் கைதட்டும் தொடக்க விழாவில் கிடைக்காத ஒன்று, மூன்று பேர் உட்கார்ந்த ஓர் அறையில் இப்படிக் கிடைக்கிறது. நடுவில் இருப்பவரைத் துணை ஆளாக எண்ணிவிடக் கூடாது. அவர் சரியில்லை என்றால் மேசையின் இரு பக்கமும் ஊமையாகிவிடும். தமிழுக்கும் ஜெர்மனுக்கும் நேரடியாக நிற்கக்கூடியவர்கள் மிகக் குறைவு என்பதால் ஆங்கிலம் நடுவே புகுந்துவிடுகிறது என்பதும், அப்படிப் புகும்போது ‘நாம்’, ‘நாங்கள்’ வேறுபாடு முதல் கட்டத்திலேயே காணாமல் போகிறது என்பதும் இந்த முறையின் குறைகள்.

இந்தக் குறை நம்மை ஒரு பெரிய சமனின்மைக்கு இட்டுச் செல்கிறது. சென்னை நுங்கம்பாக்கத்தில் ரட்லண்ட் கேட் பகுதியில் உள்ள கிளையின் வாசலில் நிற்கும் இளைஞர்களில் பெரும்பாலோர் பீனா பௌஷைத் தேடி வந்தவர்கள் அல்லர். செவிலியர் பணிக்கோ, பொறியியல் மேற்படிப்புக்கோ, குடும்பத்தோடு சேர்வதற்கோ மொழித் தேர்வு எழுத வந்தவர்கள். கணவனோடோ மனைவியோடோ சேர ஜெர்மனி செல்பவர் அடிப்படை ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதி 2007இல் வந்த பிறகு அத்தேர்வு பல குடும்பங்களின் கவலையாகவும் ஆயிற்று. கலை ஆர்வலர்கள் இந்தக் கூட்டத்தைச் சற்று ஏளனமாகப் பார்ப்பதுண்டு, அது தவறு. தேர்வுக்கு மொழி படித்தவர்தான் நாளை அந்நாட்டில் ஒரு முதியவரின் படுக்கையருகே நின்று பேசப்போகிறவர். ஆனால் மறுபுறத்தைப் பாருங்கள். 1706இல் தரங்கம்பாடியில் இறங்கிய ஜெர்மன் பாதிரியார் சீகன்பால்கு தமிழ் படித்தார், ஓலைச்சுவடிகளைத் திரட்டினார், அச்சகம் வைத்தார். கார்ல் கிரவுல் 1856இல் திருக்குறளை ஜெர்மனில் தந்தார். அந்த மரபுக்கு உரிய நாட்டில், தமிழ் நூல்களின் பெருந்தொகுப்பைக் கொண்ட கொலோன் பல்கலைக்கழகத்தின் தமிழ்க் கல்வி மூடப்படும் நிலைக்கு வந்தபோது தமிழ்நாடு அரசு 1.25 கோடி ரூபாய் கொடுத்து உதவ வேண்டியிருந்தது. ஜெர்மன் நூல்களைப் பிற மொழிகளுக்குக் கொண்டுசெல்லக் கோத்தே நிறுவனத்திடம் நெடுங்காலமாக நிதியுதவித் திட்டம் உண்டு. எதிர்த்திசையில் இந்திய நூல்களை ஜெர்மனுக்குக் கொண்டுபோகும் வேலையை ஹைடல்பெர்க்கின் திரௌபதி பதிப்பகம் போன்ற சிறு முயற்சிகள்தாம் 2003 முதல் தோளில் சுமந்துவருகின்றன. கோத்தே நிறுவனத்தை மட்டும் இதற்குக் குறை சொல்லிப் பயனில்லை. நம் பக்கத்திலிருந்து செல்ல வேண்டியதை அனுப்ப நம்மிடம் அதற்கு நிகரான நிலையான ஏற்பாடு நெடுங்காலம் இருந்ததில்லை.

நண்பரே, இனி உங்கள் மையத்துக்கு வருகிறேன். உங்களிடம் தூதரகப் பணமோ நாற்பது அறைகளோ இருக்கப் போவதில்லை, அது நல்லதுதான். பெங்களூருக் கிளை நடத்திவரும் உறைவிடத் திட்டம் உங்கள் அளவுக்கு ஏற்றது. வரும் கலைஞரை நிறுவனத்தின் விருந்தினர் அறையில் வைக்காமல், ஊரில் ஏற்கெனவே இயங்கும் ஒரு குழுவோடு, ஒரு பட்டறையோடு, ஒரு கலைக்கூடத்தோடு சில வாரங்கள் தங்க வைக்கிறார்கள். அங்கே அவர் முதல்நாள் மாலை மரியாதை வாங்குவார். மூன்றாம் நாள் தேநீர் போடவும் இடத்தைப் பெருக்கவும் சேர்ந்துகொள்வார். பேச்சு அதன் பிறகுதான் தொடங்கும். உங்கள் ஊரில் தெருக்கூத்துக் குழுவோ, பாய் நெசவாளரோ, தோற்பாவைக் கலைஞரோ இருந்தால் அவர்களைப் பார்வைப் பொருளாக வைக்காமல் விருந்தோம்புபவராக வைத்து, விருந்தோம்பலுக்கான தொகையை அவர்கள் கையிலேயே கொடுத்துவிடுங்கள். யாரை அழைப்பது என்பதிலும் அவர்கள் சொல் எடுபடட்டும். ‘ஜப்பான் வாரம்’, ‘பிரான்ஸ் மாதம்’ என்று நாட்டின் பெயரால் நிகழ்ச்சி வைக்காதீர்கள். இரண்டு ஊருக்கும் பொதுவாக உள்ள ஒரு தொல்லையை எடுத்துக்கொள்ளுங்கள்: வற்றும் ஆறு, ஆள் இல்லாமல் போகும் கைத்தொழில், தாத்தாவின் மொழி புரியாத பேரப்பிள்ளைகள். அப்போது வருகிறவருக்கும் சொல்ல ஏதேனும் இருக்கும், கேட்பவருக்கும் கேட்கத் தேவை இருக்கும்.

நிதி தருபவர்கள் வந்தவர் எண்ணிக்கையைக் கேட்பார்கள், கொடுத்துவிடுங்கள். ஆனால் உங்களுக்கென்று தனியே ஒரு குறிப்பேடு வைத்து, ஓராண்டு கழித்து யார் யாரோடு இன்னும் தொடர்பில் இருக்கிறார்கள், யார் தன் வேலையில் எதை மாற்றிக்கொண்டார்கள், மையத்தின் உதவியின்றித் தாங்களாகவே எதைச் செய்தார்கள் என்று எழுதி வாருங்கள். பெரிய நிறுவனங்களின் பணமும் நிலையானதல்ல. 2023இல் கோத்தே நிறுவனம் போர்தோ, டூரின், ராட்டர்டாம், ஒசாகா, வாஷிங்டன் உள்ளிட்ட ஒன்பது கிளைகளை மூடப்போவதாக அறிவித்தது. கட்டடம் போனாலும் உறவு நிற்குமா என்பது அந்தந்த ஊரில் அதற்கு முன் நடந்ததைப் பொறுத்தது.

கடைசியாக, வரவு செலவுத் திட்டம் எழுதும்போது ஒரு வேண்டுகோள். எல்லா இடங்களிலும் கடைசி நேரத்தில் வெட்டுவது மொழிபெயர்ப்பாளரின் தொகையைத்தான். “ஆங்கிலத்தில் சமாளித்துக்கொள்வார்கள்” என்று சொல்லிவிடுவார்கள். சமாளிப்பவர்கள் ஆங்கிலம் பேசத் தெரிந்த நான்கைந்து பேராகவே இருப்பார்கள்; கூத்து வாத்தியார் ஓரத்தில் சிரித்தபடி உட்கார்ந்திருப்பார். பந்தலைச் சிறிதாக்குங்கள், நினைவுப் பரிசுகளை விட்டுவிடுங்கள், தொடக்க விழாவையே வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். மொழிபெயர்ப்பாளருக்கு முழு நாட்களுக்கும் முழு ஊதியம் எழுதிவிட்டு, மிச்சம் இருப்பதில் மற்றவற்றைப் பாருங்கள்.